12 அடிப் பலகை
நாய்களுக்கும் விளையாட்டுக் கழகமா என்று ஊரிலுள்ள என் தங்கை தொலைபேசியில் நகைத்தாள். ஆம், கனடாவில் எங்கள் கழகத்து நாய்கள் தடை தாண்டி ஓடுகின்றன. 1978ஆம் ஆண்டு லண்டன் கிறஃப்ற்ஸ் நாய்க் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பெற்ற விளையாட்டு இது.

அதற்குரிய பாலம், தடைக்கம்புகள், துணிக்குகைகள் யாவையும் ஏற்ற, காரின் பின்னே கொழுவும் ட்றெயிலர் ஒன்று வேண்டியிருந்தது. 10 அடிப் பெட்டி மலிவு என்றார் பொருளாளர். நான் அளவுநாடாவை விரித்தேன். பாலத்தின் பலகை ஒவ்வொன்றும் 12 அடி. 6 அடி அகலத் தரையில் மூலைக்கு மூலை கிடத்தினாலும் அடங்காது. கையிருப்போ சொற்பம், தவறிவிட்டால் மறுமுறை வாங்க வழியில்லை. வாக்கெடுத்து 14 அடிப் பெட்டியையே வாங்கினோம்.

பின்கதவு சாய்தளமாக இறங்குவதால் எங்கள் முதுகு தப்பியது. பாரம் பின்னே மிகுந்தால் பெட்டி ஓட்டத்தில் வால்போல் ஆடும். ஆதலால் கனத்தவற்றை அச்சுக்குச் சற்று முன்னே அடுக்குகிறோம்.

பொருளாளர் இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவருடைய நாய் மட்டும் ஓடிவந்து என் கையை நக்குகிறது.