கண் சிமிட்டிய கார்

என் கார் 2015 மாடல். செகண்ட் ஹாண்ட். செங்கல்பட்டு வீட்டிலிருந்து மாமல்லபுரம் ஆபீசுக்குப் போய்விட்டு, நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டு வரும். என்னைவிட அதற்குத்தான் காற்றோட்டமான உத்தியோகம்.

ஒரு நாள் டாஷ்போர்டில் மஞ்சளாக என்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக்கிடம் போனால் ஆயிரம் சொல்வார் என்று எழுநூறு ரூபாய்க்கு ஒரு கோடு ரீடர் வாங்கினேன். தீப்பெட்டி சைஸ். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறது பாருங்கள், அதில் செருகினால் புளூடூத் வழியாகக் காரின் வியாதி செல்போனுக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே இந்த சாக்கெட் கட்டாயம். நம் ஊரில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது.

போனில் 'பி0303' என்றது. 'பி' என்றால் என்ஜின், கியர் சமாசாரம். 03 என்றால் பற்றவைப்புக் கோளாறு. கடைசி 03, மூன்றாவது சிலிண்டர். அடடா! டாக்டர் பட்டம் வாங்கியது போல் இருந்தது எனக்கு. மூன்றாவது சிலிண்டருக்கு 2,400 ரூபாயில் புது இக்னிஷன் காயில் வாங்கி, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி நானே மாட்டினேன். கோடை அழித்தேன். விளக்கு அணைந்தது. ஆபீசில் இரண்டு பேருக்கு இலவச ஆலோசனைகூட வழங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் மாமியார் வீட்டு வஞ்சிர மீன். திரும்பும்போது இரவு எட்டரை. மனைவிக்கு எட்டாம் மாதம். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் வண்டி குளிர் ஜுரம் வந்தது போல் உதற ஆரம்பித்தது. விளக்கு இப்போது எரியவில்லை. கண் சிமிட்டியது!

ஓரம் கட்டி ரீடரைச் செருகினேன். அதே பி0303. அழித்தேன். ஒரு கிலோமீட்டர். மறுபடி உதறல். அழித்தேன். மூன்றாவது தடவை மனைவி கேட்டாள்:

"ஏங்க, அதை அழிச்சா ரிப்பேர் போயிடுமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உடம்பு சில்லிட்டது. வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, கிடைத்த ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். குழிக்குக் குழி டிரைவரைவிட நான்தான் அதிகம் பிரேக் போட்டேன்.

காலையில் மெக்கானிக் அண்ணனை அழைத்துப்போய்க் காட்டினேன்.

"சிமிட்டினா ஓட்டக்கூடாது சார். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேடலிடிக் கன்வெர்ட்டரையே சுட்டுடும். அது போச்சுன்னா உங்க காயில் வெலையெல்லாம் பிச்சைக்காசு."

"காயில் புதுசுதாண்ணே!"

"புதுசு போட்டும் அதே மூணாம் நம்பர் சொல்லுதா? அப்ப காயில் மேல தப்பில்லை. மூணாவதைக் கழட்டி ஒண்ணாவதுல மாட்டிப் பாத்திருக்கணும். தப்பு கூடவே போய் 0301-ன்னு வந்தாத்தான் காயில் அவுட்டு. காசே செலவில்லை."

சொல்லிக்கொண்டே காயிலுக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்கி என் மூக்கருகே நீட்டினார். உள்ளே பின்கள் பாசி பிடித்த மாதிரி பச்சை.

"உப்புக் காத்து சார். பீச்சுப் பக்கமே நிறுத்தறீங்களா?"

நான் காயில் மாற்றியபோது அசைந்ததில் பின் இரண்டு நாள் ஒழுங்காகத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். எங்கே வலி என்றுதான் ரீடர் சொல்லியிருந்தது. ஏன் என்று சொன்னதாக நானாகக் கற்பனை செய்துகொண்டேன். அண்ணன் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, பின்னை இறுக்கி, என் பழைய காயிலையே திருப்பி மாட்டினார். பூனை மாதிரி ஓடியது. கூலி இருநூறு ரூபாய்.

"அந்தக் குட்டி மெஷின் எவ்ளோ சார்? எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

எலெக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். 2,400 ரூபாய் காயில் பீரோவில், மகளின் பிறப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.