புகைக்குழாய் மாற்றியபின் வாங்கும் பெட்டி

நம் இளைஞர் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் முதலில் மாற்றுவது அதன் புகைக்குழாயையே. அது கூடாதென்று உபதேசிக்க நான் முற்படவில்லை. குழாயை மாற்றியவர் அடுத்து எண்ணெய் ஊட்டத்தைத் திருத்தும் பெட்டி தேடிக் கடைக்குப் போகிறார். என்ன கேட்பதென்று அறியாமல் சம்பளத்தில் பெரும்பங்கை இழந்து திரும்புகிறார். அதுபற்றியே நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

கிராணியிடம் ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுவந்து படிக்கச் சொல்வது தோட்டத்தில் பழைய வழக்கம். இப்பொழுது கடிதத்திற்குப் பதில் இயந்திர விளக்கத்தாள்கள் வருகின்றன. தொழிற்சாலையில் இரவு வேலைக்கு 150 சி.சி. வண்டியில் போய்வரும் என் தமக்கை மகன், அத்தகைய தாள்கள் மூன்றை என் மேசைமேல் பரப்பி, "மாமா, இதில் எதை வாங்கலாம்?" என்றான். வண்டி நின்றால் அவன் கூலியும் நிற்கும். ஆகலின் விளையாட்டாகப் பதில் சொல்ல இயலவில்லை.

கார்புரேட்டர் வண்டியாயின், சில வெள்ளிக்கு ஒரு ஜெட்டை மாற்றி, ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்துத் தேறிவிடலாம். இஞ்செக்ஷன் வண்டியில் அவ்வேலையை ஈ.சி.யு. என்னும் சிறு கணினி செய்கிறது. எஞ்சின் சுழலும் வேகம், காற்றின் அழுத்தம், வெப்பம் முதலியவற்றை அளந்து, தன்னுள் எழுதப்பட்ட அட்டவணைப்படி, எண்ணெய் தெளிக்கும் இஞ்செக்டர் வினாடியில் ஆயிரத்தில் எத்தனை கூறு திறக்க வேண்டுமென்று அது தீர்மானிக்கிறது. பெட்ரோல் 1 பங்கு முற்றும் எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வலுவுக்கு 13 பங்கை ஒட்டி இருத்தல் நலம். புதுக்குழாயால் காற்றோட்டம் மாறியதும் சில வேகங்களில் எண்ணெய் குறையும். சிலவற்றில் மிகுவதும் உண்டு. சீராக ஓட்டுகையில் ஆக்சிஜன் சென்சார் ஓரளவு ஈடுகட்டும். முழுமுறுக்கில் அதன் சொல் எடுபடாது. அங்கே அட்டவணையே அரசன்.

நிற்க. முறுக்கை விட்டதும் குழாயில் வெடிச்சத்தம் கேட்டால் உடனே பெட்டி வாங்க ஓடற்க. எஞ்சினும் குழாயும் சேருமிடத்துக் காஸ்கெட் வழியே காற்றுப் புகுந்தாலும் அதே சத்தம் வரும். அதைப் பார்க்கச் செலவே இல்லை.

இனி அம்மூன்று தாள்கள். முதலாவது மிக மலிவான சிறு கருவி. அது வெப்பம் அளக்கும் சென்சாரின் கணக்கை மாற்றி, எஞ்சின் குளிர்ந்திருப்பதாக ஈ.சி.யு.வை நம்பவைக்கும். வேண்டிய இடம், வேண்டாத இடம் எல்லாவற்றிலும் எண்ணெய் கூடும். இதனை ஏமாற்று என்றே சொல்வேன். இரண்டாவது, ஈ.சி.யு.வுக்கும் இஞ்செக்டருக்கும் நடுவே பூட்டும் பெட்டி. ஒவ்வொரு வேகத்திற்கும் முறுக்கிற்கும் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ வல்லது. கழற்றினால் வண்டி பழையபடி ஆகும். ஆனால் ஆக்சிஜன் சென்சார் தன் வேலையைத் தொடர்ந்தால், பெட்டி கூட்டியதை ஈ.சி.யு. குறைக்கும், இதற்கு என்ன வழி செய்துள்ளீர் என்று கடையில் கேட்டே தீரவேண்டும். மூன்றாவது, ஈ.சி.யு.வையே மாற்றுவது. அது தீப்பொறி விழும் நேரத்தையும் சுழற்சி உச்சவரம்பையும் மாற்றும். பந்தயக்காரர்க்கு அது தகும்; வேலைக்குப் போகிறவனுக்கு அந்த உச்சவரம்பே எஞ்சினின் காவல்.

பெட்டியைவிட முக்கியம் அளவு. உருளைமேல் வண்டியை ஓட்டிச் சோதிக்கும் டைனோவும், காற்று எண்ணெய் விகிதத்தை விரிவாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் பட்டறையில் உண்டா? முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கையில் தருவாரா? வேறொரு குழாய்க்கு எழுதிய அட்டவணையை அப்படியே ஏற்றிவிட்டு "எல்லாம் சரி" என்பாரா? "காது கேட்டே சொல்லிவிடுவேன்" என்பவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். எனினும் காது 13-க்கும் 14-க்கும் வேறுபாடு அறியாது.

மருமகன் இரண்டாவதையே தேர்ந்தான். அளவுத்தாள் தர இசைந்த பட்டறை தொலைவில் இருந்தது. ஒருநாள் கூலியை விட்டுப் போய்வந்தான். மேல்வேகத்தில் 15-ஐத் தாண்டி நின்ற விகிதம் 13-க்கு இறங்கியதைத் தாளில் விரல் வைத்துக் காட்டினான். வலு கூடியது சிறிதே என்பதும் அத்தாளிலேயே இருந்தது. அதை அவன் காட்டவில்லை, நானே பார்த்துக்கொண்டேன்.

ஓசைக்கு மட்டும் எந்தப் பெட்டியும் மருந்தன்று. விடியற்காலைப் பெரட்டுக்கு எழவேண்டியவர்கள் லயத்தில் உறங்குகிறார்கள். நம் நாட்டில் வாகன ஓசைக்கு 1987-ஆம் ஆண்டிலேயே விதிகள் ஏற்பட்டுள்ளன. ஆதலால் பழைய குழாயை விற்றுவிடாமல் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வைக்கச் சொன்னேன். அது இப்பொழுது என் வீட்டுப் பரணில் இருக்கிறது.