'ஆகவே'க்கு முன்னாடி ஒரு வரி

இன்டர்னலுக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான் ஓடும்: "மச்சி, சால்வ்டு பிராப்ளம் இருந்தா அனுப்பு." தியரி நோட்ஸை யாரும் கேட்க மாட்டாங்க. ஸ்டாஃப் இதை சோம்பேறித்தனம்னு சொல்வாங்க. ஆனா இதுல ஒரு நியாயம் இருக்கு.

1985-ல ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் ரெண்டு பேரும் அல்ஜீப்ராவை வெச்சு இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. தானே முட்டி மோதிக் கணக்கு போட்டவங்களைவிட, போட்டுக் காட்டின கணக்கைப் படிச்சவங்க அதே மாதிரி அடுத்த கணக்கை வேகமா, தப்பு கம்மியா போட்டாங்க. ஆனா கணக்கோட வடிவம் மாறினதும் அந்த லாபம் தெரியலை. நம்ம செமஸ்டர் பேப்பர் கதையேதான்!

அப்போ என்ன குறையுது? 1989-ல மிஷலின் சீயும் அவரோட குழுவும் இயற்பியல் மாணவர்களைக் கவனிச்சாங்க. எல்லார் கையிலயும் ஒரே மாதிரி சால்வ்டு பிராப்ளம்தான். நல்லா பண்ணவங்க ஒவ்வொரு ஸ்டெப்லயும் நின்னு, 'இந்த விசை ஏன் இங்க வருது'ன்னு தனக்குத்தானே விளக்கிக்கிட்டாங்க. மத்தவங்க வரிகளை வாசிச்சுட்டுப் போனாங்க. எக்ஸாம்பிள் புக்ல 'ஆகவே'ன்னு போட்டிருக்கும். அந்த 'ஆகவே' எப்படி வந்துச்சுங்கிற வரிதான் பெரும்பாலும் இருக்காது.

கணக்கிலேயே இப்படின்னா, கணக்கே இல்லாத அறிவியல் விளக்கத்துக்கு? எங்க என்.எஸ்.எஸ். டீம் சனிக்கிழமைகள்ல பக்கத்து அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்குறோம். ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளிய ஏன் தண்ணி நிக்குதுன்னு கேட்டேன். "ஆவி சுருங்குதல்"னு கோரஸா பதில் வந்துச்சு. பேர் சரி. ஆனா பேர் சொல்றது விளக்கம் ஆகாது. விளக்கம்னா எப்படி இருக்கும்னு அவங்களுக்கு யாரும் போட்டுக் காட்டினதில்லை. அதனால சால்வ்டு பிராப்ளம் மாதிரியே போர்டுல மூணு வரி எழுதினேன்.

நான் சொல்றது: வெளிய இருக்கிற தண்ணி காத்துல இருந்து வந்துச்சு.
நான் பார்த்தது: டம்ளர்ல ஐஸ் போட்ட ரோஸ்மில்க் ஊத்தினோம். வெளிய நின்ன துளியில நிறமும் இல்லை, இனிப்பும் இல்லை.
அதனால என்ன: உள்ள இருக்கிறது ஒழுகியிருந்தா துளி ரோஸ் கலர்ல இருக்கணும். குளிர்ந்த டம்ளர் பட்ட காத்துல இருந்த நீராவிதான் தண்ணியா மாறியிருக்கு.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். பாடத்துல வாயே திறக்காத பையன் ஒருத்தன் கடைசி பெஞ்சுல இருந்து கேட்டான்: "மண்பானைக்கு வெளியகூடதான் ஈரமா இருக்கு. அது உள்ள இருந்துதானே கசியுது? இதுவும் வடிகட்டின மாதிரி தண்ணி மட்டும் வந்திருக்கலாம்ல அக்கா?"

எவ்வளவு சரியான கேள்வி! போர்டுல மூணு வரியும் கண்ணு முன்னாடி இருந்ததாலதான் எந்த வரியில ஓட்டைன்னு அவனால காட்ட முடிஞ்சுது. 'ஆவி சுருங்குதல்'ங்கிற ஒத்தை வார்த்தையில எங்க கைவைப்பான்?

அடுத்த வாரம் எடை பார்க்கிற மெஷின் கொண்டு போனோம். டம்ளரைத் தட்டு போட்டு மூடி, 20 நிமிஷம் வெச்சோம். எடை 2 கிராம் கூடியிருந்துச்சு. உள்ள இருந்து கசிஞ்ச தண்ணி டம்ளர் மேலயே ஒட்டிட்டு இருந்தா எடை மாறக்கூடாது. கூடியிருக்குன்னா வெளிய இருந்துதான் வந்திருக்கணும். அதே மூணு வரியை மண்பானைக்கும் எழுதினோம். இந்தத் தடவை கடைசி வரியை நான் காலியா விட்டேன். பானையோட எடை நேரம் ஆக ஆகக் குறையுது. கசிஞ்ச தண்ணி ஆவியாகிப் போகுது, பானை குளிருதுன்னு அவங்களே எழுதினாங்க. மூணாவதா, ஏசி பஸ்ஸுல இருந்து இறங்கினதும் கண்ணாடி ஏன் மங்குதுங்கிறதுக்கு மூணு வரியும் அவங்களோடது.

இப்படி உதவியைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். விஷயம் பிடிபட்ட பிறகும் முழு எக்ஸாம்பிளையே கையில கொடுத்துட்டு இருந்தா அது உதவாது, சில நேரம் இடைஞ்சலாகும்னும் ஆராய்ச்சி சொல்லுது. சைக்கிளைப் பின்னாடி பிடிச்சுட்டு ஓடுறவங்க ஒரு கட்டத்துல விட்டுடணும்ல, அது மாதிரி.

நமக்கு பிராஜெக்ட் வைவா வருது. எக்ஸ்டெர்னல் ரிப்போர்ட்டைப் புரட்டி, ஒரு கிராஃப்ல விரல் வெச்சு, "இது ஏம்மா இங்க இறங்குது?"ன்னுதான் கேட்கப் போறார். சாஃப்ட்வேர் கொடுத்துச்சுன்னு சொல்லிச் சமாளிக்க முடியாது. அதுக்கு இப்பவே ஒரு வேலை பண்ணலாம். ஒரு சால்வ்டு பிராப்ளத்தை எடுங்க. ஒவ்வொரு 'ஆகவே' பக்கத்துலயும் பென்சிலால காரணத்தை ஒரு வரி எழுதுங்க, தமிழ்லயே. அடுத்த பிராப்ளத்துல கடைசி ரெண்டு ஸ்டெப்பைப் பேப்பரால மறைச்சுட்டு நீங்களே போடுங்க. எந்த இடத்துல பென்சில் நிக்குதோ, அந்த இடத்தை இன்னைக்கே யார்கிட்டயாவது கேட்டுடுங்க.