வெறும் தண்ணிதாம்மா

அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். கல்பாக்கத்தில் 26 வருடமாக அந்த வேலைதான். பிரஷர் கேஜ், தெர்மோகப்பிள், தராசு என்று எது வந்தாலும், அது காட்டுவதை நம்பலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவன் நான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

வீடு அணுபுரம் குவார்ட்டர்ஸில். மனைவி, எட்டாவது படிக்கும் மகள், 71 வயதான அம்மா.

நாலு வருடத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை வந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று வாங்கினேன். ஒரு நாளில் ஐந்து தடவை அதன் மேல் ஏறி நின்றேன். காலையில் 81.4 காட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 83 காட்டும். குழம்பிப்போய்ப் படிக்க ஆரம்பித்தேன். படித்தது புரிந்தது. புரிந்ததும் தலைக்கனம் ஏறியது.

ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் அது நடக்காது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடமே ஒரு கிலோ கூடும். சோறு சாப்பிட்டால் அதிலுள்ள மாவுச்சத்தில் கொஞ்சம் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் போய்த் தங்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடினாலும் உடம்பு தண்ணீரை விடாது. மாதவிலக்கை ஒட்டிப் பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் காலையில் எடை குறைவாக இருக்கிறது. ஆகவே காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, காபி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். மெஷின் பாயில் இல்லாமல் தரையில் இருக்க வேண்டும். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பார்க்க வேண்டும்.

இதில் எதுவும் தப்பில்லை. சாயங்கால வாக்கிங்கில் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒருவர் ஒரு கிலோ ஏறிவிட்டது என்று கவலைப்பட்டால் போதும், "வெறும் தண்ணி சார்" என்று ஆரம்பித்துவிடுவேன். அவர்கள் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். நீர் மாத்திரை கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொன்னார்கள். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ ஏறினால் உடனே போன் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். அப்போது பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளவில்லை. தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எடையை எழுதுவாள். தாள்களை ஒரு கிளிப்பில் கோர்த்து வைப்பாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எடை 54.2. புதுப்பட்டினத்திலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கிவந்தவன் நான். வேண்டாம் என்றவளிடம் "ஒரு நாள்தானேம்மா" என்று தட்டில் வைத்தவனும் நான். திங்கள் 54.9. செவ்வாய் 55.6. புதன் 56.4.

புதன்கிழமை காலை ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தாளோடு வந்து நின்றாள்.

"தம்பி, ரெண்டு கிலோ ஏறிடுச்சுப்பா. டாக்டர் சொன்னாரே. ஒரு போன் போட்டுடேன்."

"அன்னிக்குக் கருவாடு சாப்ட்ட இல்ல? உப்பு தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும். வெறும் தண்ணிதாம்மா."

"தண்ணின்னா பரவாயில்லையாப்பா?"

"ரெண்டு நாள்ல இறங்கிடும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பஸ்ஸுக்குப் 12 நிமிடம் இருந்தது. அந்த நேரம் முழுக்கப் பேசினேன். இத்தாலியில் பாதுவா ஊரில் சாண்டோரியோ என்று ஒரு வைத்தியர் இருந்தார், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சுமார் 30 வருடம் தன்னையே எடை போட்டுக்கொண்டார், 1614-ல் புத்தகம் எழுதினார், உடம்பின் எடை கண்ணுக்குத் தெரியாமல் ஏறி இறங்குவதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னேன். அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஏன் சுவரைப் பிடிக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. "சரிப்பா" என்றாள்.

போன் செய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

எங்கள் வேலையில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். கருவியின் முள் மேலும் கீழும் ஆடினால் அது ஊசலாட்டம். ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் அது டிரிஃப்ட். அதை விடக்கூடாது. வாக்கிங் சாரின் ஒரு கிலோ ஊசலாட்டம். அம்மாவுடையது டிரிஃப்ட். மூன்று நாளும் ஏறியது, ஒரு நாளும் இறங்கவில்லை. அதிலும் அம்மா எப்போது பார்த்தாள்? காலையில், வெறும் வயிற்றில், ஒரே உடையில், ஒரே இடத்தில். ஊசலாட்டத்துக்கான காரணங்களையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சிய எண் அது. ஒரு பிரஷர் கேஜ் இப்படி மூன்று நாள் நகர்ந்திருந்தால் அன்றே கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருப்பேன்.

தண்ணி என்று நான் சொன்னதும் சரிதான். இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாதபோது சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போவதில்லை. உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேர்க்கிறது. அந்த நீர் காலில் இறங்கும், நுரையீரலிலும் சேரும். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அவளை எழுதச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு மகள் வந்து எழுப்பினாள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச முடியவில்லை. உதடு கறுத்திருந்தது.

"பாட்டி ரெண்டு நாளா உக்காந்துதான்ப்பா தூங்குறாங்க. படுத்தா மூச்சு முட்டுதாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. அப்பா சும்மா பயப்படறேன்னு சொல்லுவாருன்னாங்க."

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எடைக் கணக்கு கேட்டார். கிளிப்பைக் கொடுத்தேன். வியாழன், வெள்ளித் தாள்களில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் பேசிய பிறகு அம்மா எடை பார்ப்பதையே விட்டிருக்கிறாள். அவர் புதன் தாளில் விரல் வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்திரையக் கூட்டியே சமாளிச்சிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"கவனிக்கல சார்" என்றேன்.

அது பொய். கவனித்தேன். கவனித்துத்தான் ஒதுக்கினேன். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அம்மா என்னைப் பார்த்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சேர்க்கும்போது எடை 58-ஐத் தொட்டிருந்தது. ஊசி போட்டு நீரை இறக்கி, 53.8-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் பழைய அம்மா திரும்பவில்லை. முன்பு பௌர்ணமிக்குத் திருக்கழுக்குன்றம் போவாள். மலை ஏற முடியாவிட்டாலும் கிரிவலத்தில் பாதியாவது நடப்பாள். இப்போது படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் ஒரு தடவை நிற்கிறாள். தாழக்கோவில் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, அங்கிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிடுகிறாள்.

வாக்கிங்கில் வருகிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். இதயமோ சிறுநீரகமோ ஈரலோ பழுதானவர்கள் வீட்டில் இருந்தால் நான் சொன்னதைக் கேட்காதீர்கள், எடை ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். ஆனால் அப்போதும் "எங்கம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது" என்றுதான் சொன்னேன். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். டாக்டரிடம் சொன்ன பொய் என் மனைவிக்கும் இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது.

அம்மா மறுபடி காலண்டர் தாளில் எழுதுகிறாள். காலை 6 மணிக்கு மெஷின் சத்தம் கேட்கும். எண்ணை மகளிடம்தான் சொல்கிறாள். ஏறியிருந்தால் போன் போடுவதும் மகள்தான். நான் அந்த நேரம் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.