இருப்புப் பாதை இல்லாத ஊரில் எட்டு நாட்கள்

"அந்தமானுக்கு எந்த வண்டியில் போக வேண்டும், அப்பா?" என்று மகள் கேட்டாள். ரயில்வே எழுத்தர் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எங்களுக்கு அவ்வினா நகைப்பை உண்டாக்கியது. அத்தீவுகளில் இருப்புப் பாதையே கிடையாது. வானூர்தி அல்லது கப்பல், இவ்விரண்டே வழி.

எங்கள் சிறிய தந்தையார் 1970களில் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்காக அங்கே சென்றவர். அங்கேயே குடியும் குடித்தனமும் ஆகிவிட்டார். ஒருமுறையேனும் சென்று தம்பியைக் காண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த எங்கள் தந்தையார், காணாமலே கண்மூடினார். அந்தக் கடனைத் தீர்க்கவே, சென்ற டிசம்பர்த் திங்களில் குடும்பத்துடன் காரக்பூரிலிருந்து கொல்கத்தா சென்று கப்பலேறினோம்.

ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் கடற்பயணம். ஹூக்ளி ஆற்றில் செல்லும்வரை யாவரும் உற்சாகமாக இருந்தோம். கடல் வந்ததும் இல்லத்தரசியார் படுத்தவர்தாம். மறுநாள் மாலைவரை எழவில்லை. பிள்ளைகளோ மேல்தளத்தில் நின்று, நீரைக் கிழித்துப் பறக்கும் கோலா மீன்களை எண்ணிக்கொண்டிருந்தனர்.

போர்ட் பிளேயர் நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. துறைமுகத்தில் காத்திருந்த சித்தப்பா, "அண்ணன் முகத்தை அப்படியே கொண்டு வந்திருக்கிறாயே, தம்பி" என்று சொல்லி எங்கள் கைகளைப் பற்றியவர், வீடு சேரும்வரை விடவில்லை.

முதல் நாள் எங்களுக்கு வியப்பளித்தது கதிரவனே. மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் இருட்டிவிட்டது! நம் நாட்டு நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. இத்தீவுகளோ அதற்குக் கிழக்கே பத்துப் பாகை தள்ளி இருக்கின்றன. ஆகவே கடிகாரத்தைவிடக் கதிரவன் நாற்பது நிமிடம் முந்துகிறான். ஊர் சுற்ற விரும்புவோர் விடியலிலேயே புறப்படுதல் நலம்.

சிறைக்கூடத்தைக் காணாமல் யாரும் திரும்புவதில்லை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையின் ஏழு கிளைகளில் இன்று மூன்றே எஞ்சியுள்ளன. அறைக்கு ஒருவராக அடைத்தார்கள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்குமாறு கட்டப்பட்டிருப்பதால், ஒருவர் முகத்தை மற்றொருவர் காண இயலாது. "அப்படியானால் அவர்கள் யாருடன் பேசினார்கள்?" என்று மகள் கேட்டாள். எங்களிடம் விடை இல்லை.

மறுநாள் ராஸ் தீவு. 1858 முதல் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கிய இடம். இன்று மாளிகைச் சுவர்களை மரவேர்கள் பிணைத்து நிற்க, மான்கள் அச்சமின்றி உலவுகின்றன. பின்னர் நீல் தீவுக்குப் படகேறினோம். 2018 முதல் அதன் பெயர் ஷாஹீத் தீவு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோர் அங்கே காய்கறி பயிரிடுகின்றனர். நீர் வற்றும் வேளையில் பாறைகளின்மேல் நடந்து சென்றால், கடலே குடைந்த இயற்கைப் பாலத்தைக் காணலாம், கண்கொள்ளாக் காட்சி! மகன் ஆசையுடன் பவளத்துண்டு ஒன்றைப் பையில் போட்டான். அதை எடுத்துச் செல்வது குற்றம் என்று படகோட்டி சொன்னதால், திரும்ப நீரிலேயே இடச் செய்தோம்.

நிற்க. உணவைப் பற்றிச் சொல்லாவிடில் இக்கட்டுரை நிறைவு பெறாது. சித்தப்பாவின் மருமகள் வங்கக் குடும்பத்துப் பெண். ஒருநாள் கடுகரைத்த மீன் குழம்பு. மறுநாள் மாமியாரிடம் கற்ற நம் ஊர்ப் புளிக்குழம்பு. வஞ்சிரத் துண்டுகள், வெந்தயம், தேங்காய் அரைத்து ஊற்றியது. சின்ன வெங்காயம் கப்பலில் வந்தால்தான் உண்டு. கப்பல் தாமதித்தால் பெரிய வெங்காயமே கதி. "சரியாக வந்திருக்கிறதா, அண்ணி?" என்று அப்பெண் இந்தியில் கேட்டாள். தம் கைக்குழம்பைவிட நன்றாக இருப்பதாக இல்லத்தரசியார் ஒப்புக்கொண்டது, எங்கள் இல்வாழ்க்கையில் ஓர் அரிய நிகழ்ச்சி.

சித்தப்பாவின் பேரனுக்குப் பத்து வயது. குழம்பை மூன்று முறை வாங்கி உண்டான். தாத்தா தமிழில் கேட்டவற்றுக்கெல்லாம் இந்தியிலேயே விடையிறுத்தான். அங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகளும் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழர். ஆயினும் அவன் பயில்வது ஆங்கில வழியில்.

"தம்பி, நாக்கு ருசியை மறக்கவில்லை, பேச்சைத்தான் மறந்துவிட்டது" என்றார் சித்தப்பா. எங்களுக்குச் சுருக்கென்றது. எங்கள் பிள்ளைகளும் காரக்பூர் வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில்தானே விடை சொல்கிறார்கள்! வேலைக் களைப்பில் நாங்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மறுநாள் காலை வெற்றிமலை முருகன் கோயிலுக்குச் சென்றோம். அங்கிருந்த தமிழ் எழுத்துக்களை மகள் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். பேரன் வியப்புடன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை மீன் அங்காடியில் இருவரும் ஒரு விளையாட்டைத் தொடங்கினர். அவன் ஒரு மீனைக் காட்டி "சுர்மயி" என்பான். தாத்தா "வஞ்சிரம்" என்று சொல்லிக் கொடுப்பார். மகள் குறிப்பேட்டில் தமிழில் எழுதுவாள். அவன் அதைப் பார்த்து எழுதுவான். வஞ்சிரம், பாரை, சங்கரா, சூரை, கோலா என்று பதினான்கு பெயர்கள் சேர்ந்தன. ஊர் திரும்பும் நாளில், குறிப்பேடு யாருக்கு என்று இருவருக்கும் பூசல். இறுதியில் அவனிடமே விட்டு வந்தோம்.

இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவன் ஒரு மீனின் பெயரைத் தமிழில் சொல்கிறான். எங்கள் மகள் அதற்குத் தமிழிலேயே விடை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தடுமாறுகிறாள்; ஆனால் சொல்கிறாள்.

அந்தமான் செல்ல விரும்பும் அன்பர்கள் டிசம்பர் முதல் மார்ச்சு வரையிலான திங்களில் செல்லலாம். நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்ல முன்னனுமதி வேண்டும். ஜாரவா மக்கள் வாழும் காட்டு வழியில் அவர்களைப் படமெடுத்தலும் அவர்களுக்கு உணவளித்தலும் கூடா.

சித்தப்பாவின் முகவரிக்கு நமது இதழை மாதந்தோறும் அனுப்புமாறு ஆசிரியரை வேண்டி, ஓராண்டுச் சந்தாவை இக்கட்டுரையுடன் இணைத்துள்ளோம். உறையின்மேல் பேரனின் பெயரையே எழுதுக.