முடிச்சுக்களிலே வாழும் நிறங்கள்

இஸ்தான்புல் நகரிலே, பைசாந்தியப் பேரரசர் காலத்தில் தேர்ப்பந்தயம் நடைபெற்ற வெளியொன்று உண்டு. எகிப்திலிருந்து கொணர்ந்து நாட்டிய கற்றூண் இன்றும் அங்கே நிமிர்ந்து நிற்கின்றது. அவ்வெளியின் ஒரு பக்கத்தில் சுல்தான் அகமதுப் பள்ளிவாசல். மறுபக்கத்தில், 16ஆம் நூற்றாண்டில் முதன்மந்திரியாயிருந்த இப்ராஹிம் பாஷாவின் மாளிகை. துருக்கிய இஸ்லாமியக் கலை நூதனசாலை 1983ஆம் ஆண்டு தொடக்கம் இம்மாளிகையிலே இருந்து வருகின்றது. பயணிகளிற் பலர் பள்ளிவாசலின் நீல ஓடுகளைக் கண்டு களித்து, அவ்வளவோடு திரும்பிவிடுவர். யானோ மாளிகையின் கம்பளக் கூடத்திலே ஒரு பகற்பொழுது முழுவதையும் கழித்தேன்.

அங்கே முதலிற் கருத்தைக் கவர்வன, 13ஆம் நூற்றாண்டிலே செல்ஜூக் மன்னர் காலத்தில் நெய்யப்பட்ட கம்பளங்கள். மௌலானா ரூமி வாழ்ந்து மறைந்த கொன்யா நகரின் அலாவுத்தீன் பள்ளிவாசலிலே, 1905ஆம் ஆண்டளவில், இவை அறிஞர் கண்ணிற்பட்டன. மூன்று ஓரளவு முழுமையானவை. ஐந்து வெறுந் துண்டுகள். ஓரங்களிலே அரபு எழுத்தை ஒத்த பெருங்கோலங்கள். நடுவிலே வரிசை வரிசையாகச் சிறு வடிவங்கள். எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் சிவப்பு மங்கிவிடவில்லை.

இத்துணைக் காலம் இவை அழியாதிருந்தது எவ்வாறு? பக்தர்கள் தாம் நெய்த கம்பளங்களைப் பள்ளிவாசலுக்குக் காணிக்கையாக அளிப்பது அந்நாட்டு வழக்கம். பழையதை அகற்றாது அதன்மேலேயே புதியதை விரிப்பர். பாதரட்சையோடு எவரும் உள்ளே நுழைவதில்லை. நம் கோயில் வாசலிலே செருப்பைக் கழற்றிவைக்கும் நமக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. வணங்க வந்தோரின் வெறுங்கால்களே இக்கலைச் செல்வத்தைக் காத்துத் தந்தன எனலாம்.

கம்பளம் நெய்யும் முறையைச் சிறிது நோக்குவோம். நிமிர்ந்து நிற்கும் தறியிலே பாவு நூல்கள் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெய்பவள் சாயமிட்ட கம்பளி நூலை இரண்டு பாவு நூல்களைச் சுற்றி வளைத்து, இரு முனைகளையும் அவற்றின் நடுவே வெளியே இழுத்துக் கத்தியால் அறுக்கின்றாள். இதுவே துருக்கி முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, கனத்த சீப்பினால் அடித்து இறுக்குகின்றாள். பாரசீக முடிச்சிலே நூல் ஒரு பாவை முற்றாகச் சுற்றி, மற்றையதன் பின்னே செல்வதோடு அமையும். துருக்கி முடிச்சு இரண்டையும் ஒருங்கே பற்றுவதால் உறுதி மிக்கது. ஹெரெக்கே என்னும் ஊரின் பட்டுக் கம்பளங்களிலே சதுரச் சென்றிமீற்றருக்கு 100 முடிச்சுக்கள் காணப்படும். சதுர மீற்றருக்குப் பத்து லட்சம்! நாளொன்றுக்குப் பதினாயிரம் முடிச்சு இட்டாலும், ஒரு சதுர மீற்றருக்கு நூறு நாட்கள் வேண்டும்.

உஷாக் நகரத்துப் பட்டறைகளிலே தேர்ந்த ஓவியர் வரைந்த மாதிரியைப் பார்த்து நெய்தனர். கிராமப் பெண்களுக்கோ தாயும் பாட்டியும் கற்பித்த நினைவே மாதிரி. இடுப்பிலே கைவைத்து நிற்கும் பெண்ணுருவைத் தாய்மையின் சின்னம் என்பர். ஆட்டுக்கடாவின் கொம்பை வீரத்தின் சின்னம் என்பர். ஐரோப்பியச் செல்வர் இக்கம்பளங்களை நிலத்தில் விரிக்க மனமின்றி மேசைமேல் விரித்தனர். ஹோல்பைன் 1533ஆம் ஆண்டிலே தீட்டிய 'தூதுவர்கள்' என்னும் ஓவியத்தில் அதனைக் காணலாம். விந்தை யாதெனில், அக்கம்பள வகைக்கு ஓவியரின் பெயரே வழங்குகின்றது; நெய்தவளின் பெயரை அறிவார் எவருமிலர்.

பெயர் மறைந்ததோடு துன்பம் நிற்கவில்லை. பழங்கம்பளங்களின் சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேரிலிருந்து எடுக்கப்பட்டது. நீலம் அவுரியிலிருந்து வந்தது. 1856ஆம் ஆண்டிலே பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் முதற் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இலே வேர்ச்சிவப்பின் சாரமாகிய அலிசரினையும் ஜெர்மானிய அறிஞர் இருவர் ஆய்வுகூடத்திலே ஆக்கிவிட்டனர். மலிவான சாயங்கள் கிராமங்களை அடைந்தன. அவற்றுட் பல வெயிலிலே வெளிறின, நீரிலே கரைந்தோடின. வேரைத் தோண்டிக் காய்ச்சிய அறிவோ இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெரும்பாலான ஊர்களில் மறைந்து போயிற்று.

அதனை மீட்டவர், இஸ்தான்புல்லிலே பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றிய ஹரால்ட் போமர் என்னும் ஜெர்மானியர். பழங்கம்பள நூல்களை இரசாயன முறையிலே ஆராய்ந்து, எந்நிறம் எச்செடியிலிருந்து வந்தது எனத் தெளிந்தார். 1981ஆம் ஆண்டிலே மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு ஐவாஜிக் பகுதிக் கிராமங்களில் அச்சாயங்களைக் காய்ச்சும் முறை மீண்டும் பயிற்றப்பட்டது. தம் வயலோரத்திலே வளர்ந்த செடிகளின் பயனைக் கிராமத்தார் மறுபடியும் கற்றனர். பெண்களின் விரல்களோ கோலங்களை மறந்திருக்கவில்லை. இழந்த நிறமே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கூடத்தை விட்டு வெளியேறுகையில் என் நெஞ்சம் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் எண்ணிற்று. நம் மணற்றரையிலே தோண்டப்பட்ட சாயவேரிலும் இருப்பது அதே அலிசரின். ஒல்லாந்தர் ஆட்சியிலே அரசாங்கத்துக்கு வருவாய் ஈட்டித் தந்த பொருள் அது. அதனைத் தோண்டித் தந்த ஏழைகளின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. ஐவாஜிக்கிலே ஓர் ஆசிரியர் கேட்ட கேள்வியை நம் ஊரிலே கேட்டவர் எத்துணைபேர்? இரசாயனம் பயிலும் மாணவர், தத்தம் ஊர் முதியோரிடம் சாயவேரைப் பற்றி ஒருமுறை வினவிப் பார்த்தல் நன்று. வினவுதற்குரிய முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.