வானத்து டெண்டர்: சில குறிப்புகள்

லங்காவியில் லீமா என்ற விமான, கடற்படைக் கண்காட்சி. 1991-இல் தொடங்கியது. பாடாங் மாட்சிராட் பக்கம் கூரை அதிர ஜெட் பறக்கும், ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் படகேறிப் போகிறார்கள். வியாபாரம் நடப்பது உள்ளே, குளுகுளு அறைகளில். 2019-இல் பெங்களூரிலிருந்து தேஜஸ் போர் விமானம் வந்து பறந்து காட்டியது. கைதட்டலுக்குக் குறைவில்லை. 2023 லீமாவில் கையெழுத்தானதோ கொரியாவின் எஃப்ஏ-50, மொத்தம் 18.

*

2003-இல் ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கியபோது விலையில் ஒரு பங்கைச் செம்பனை எண்ணெயாகக் கொடுப்பதென்று பேச்சு. ஒரு மலேசியரை விண்வெளிக்குக் கூட்டிப் போவதும் அதே பேரத்தில் சேர்ந்தது. 2007 அக்டோபர் 10-இல் ஷேக் முஸாபர் பைக்கானூரிலிருந்து ஏறினார். அன்று கெடாவின் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் செம்பனைக் குலை அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். "நம்ம குலைதான்டா மேல போவுது" என்று ஒரு நாளாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

*

ராசாக்சாட் என்ற நம் துணைக்கோளத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

முதலில் தியுங்சாட்-1. 50 கிலோ, 2000 செப்டம்பரில் ஏறியது. கட்டிக்கொடுத்தது இங்கிலாந்தின் சர்ரே நிறுவனம். நம் பொறியாளர்கள் கூடவே உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டார்கள். அடுத்த துணைக்கோளமான ராசாக்சாட்டுக்கு சர்ரேயிடம் போகவில்லை, கொரியாவின் சாட்ரெக் நிறுவனத்திடம் போனார்கள். அந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர்கள் யார்? சர்ரேயில் தொழில் படித்துவிட்டுப் போன கொரியர்கள். வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்க, மாணவன் கைக்கு வேலை போய்விட்டது. கற்றுக்கொடுப்பதையும் சேர்த்து விற்கிற தொழிலில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நாமும் அதே சர்ரேயில்தான் படித்தோம். நம்மைத் தேடி இன்னும் எந்த நாடும் வரவில்லை.

ராக்கெட் பிடித்தது இன்னும் சுவாரசியம். அப்போது பேர் தெரியாத ஸ்பேஸ்எக்ஸ். அவர்களுடைய ஃபால்கன் 1 மூன்று முறை விழுந்தது: 2006, 2007, 2008 ஆகஸ்ட். நான்காவது முறை, அதே ஆண்டு செப்டம்பரில், சுற்றுப்பாதையைத் தொட்டது. ஆனால் அதில் இருந்தது வெறும் எடைக்கட்டை. ஐந்தாவதில்தான் நம்முடைய 180 கிலோ. 2009 ஏப்ரலில் ஏற வேண்டியது, ராக்கெட்டின் அதிர்வைக் கோளம் தாங்காது என்று நிறுத்தி, அதிர்வைத் தடுக்க வழி செய்து, ஜூலை 14-இல் பசிபிக்கின் ஓமலெக் தீவிலிருந்து விட்டார்கள். போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளருக்காக ஸ்பேஸ்எக்ஸ் கொண்டு சேர்த்த முதல் வணிகத் துணைக்கோளம் அதுதான். அதோடு ஃபால்கன் 1-க்கும் மூடுவிழா.

மூன்று வருடம் உழைக்க வேண்டிய கோளம் ஒரு வருடம் சொச்சத்தில் பேசாமல் போனது. சுமார் 14 கோடி வெள்ளி. தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் கேள்வி வந்தது, பத்திரிகைகள் கிழித்தன. ராசாக்சாட்-2 என்றார்கள், ஏறவில்லை. எனக்கு வருத்தம் பணத்தைப் பற்றி அல்ல. ஆரம்பத்தில் சொதப்பாத நாடு எது? அடுத்ததைக் கட்டாமல் விட்டதுதான் நஷ்டம். சர்ரேயில் படித்த படிப்புக்கு அடுத்த வகுப்பே இல்லாமல் போனது.

*

ராசாக்சாட்டின் பாதையைப் பற்றி. வழக்கமான படமெடுக்கும் கோளங்கள் துருவம் வழியாகச் சுற்றும். கெடா மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊருக்கு மேல் எப்போதாவதுதான் வரும். வருகிற நேரம் மேகம் மூடியிருந்தால் போச்சு, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ராசாக்சாட்டை 9 பாகை சாய்வில் விட்டார்கள், ஒரு நாளைக்குப் பல தடவை நம் தலைக்கு மேல் வரட்டும் என்று. யோசனையில் தப்பே இல்லை. மூடா வயல்களின் நெல்லை வானத்திலிருந்து பார்க்க நினைக்கிறவர்கள் இன்றும் அதைத்தான் கேட்பார்கள்.

*

ஆனந்தகிருஷ்ணன் 2024 நவம்பரில் காலமானார். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர். அவருடைய மியாசாட்-1 துணைக்கோளம் 1996 ஜனவரியில் ஏறியது, அமெரிக்காவின் ஹியூஸ் கட்டியது. அதே ஆண்டு அவருடைய அஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்தது. தோட்டத்து லயங்களில் கூரைக்கு ஒரு தட்டு முளைத்தது. கோளம் கிட்டத்தட்ட உச்சிக்கு மேலே இருப்பதால் தட்டு மல்லாந்து பார்க்கும். மழை இருட்டினால் படம் சதுரம் சதுரமாக உடையும், பிறகு நீலத் திரை. இது யாருடைய குற்றமும் இல்லை, அந்த அலைவரிசையைக் கனத்த மழை குடித்துவிடும். சீரியல் மருமகளின் அழுகை பாதியில் நின்றுபோனால் எங்கள் பாட்டிமார் திட்டியதென்னவோ வருண பகவானை அல்ல, தட்டை.

*

2022 ஜூன் 22. பிரெஞ்சு கயானாவில் ஒரே ஏரியான் 5-இல் இரண்டு கோளங்கள். ஒன்று ஏர்பஸ் கட்டிய மியாசாட்-3டி. மற்றது இஸ்ரோ கட்டிய, டாட்டா பிளே வாடகைக்கு எடுத்த ஜிசாட்-24. இங்கே அஸ்ட்ரோ, அங்கே டாட்டா: இரண்டு பக்கமும் தமிழ் சீரியல்தான் சரக்கு. ஒரே லாரியில் இரண்டு கடைக்காரர்களின் மூட்டை.

*

கோபுரம் கட்ட முடியாத உட்பகுதிகளுக்கு இணையம் கொடுப்பது மியாசாட்-3டியின் இன்னொரு வேலை. அரசாங்கத்தின் ஜெண்டெலா திட்டம் கேட்பதும் அதைத்தான். அந்தச் சந்தைக்குள் 2023 ஜூலையில் யார் நுழைந்தது? ஓமலெக் தீவில் நம் 180 கிலோவைச் சுமந்த அதே ஸ்பேஸ்எக்ஸ், ஸ்டார்லிங்க் என்ற பெயரில். 14-ஆம் தேதி பிரதமர் அன்வார், மஸ்க்குடன் காணொளியில் பேசினார். அந்த மாதமே சேவை தொடங்கியது. அன்று அவர்களுக்கு வாடிக்கையாளர் வேண்டும், நாம் கொடுத்தோம். இன்று நமக்கு லைன் வேண்டும், அவர்கள் விலை சொல்கிறார்கள்.

2023-இல் தொடங்கியபோது விலை: கருவி 2,300 வெள்ளி, மாதம் 220. அப்போது லூனாஸ் பக்கம் மளிகைக் கடை அண்ணன் ஒருவரிடம் சொன்னேன்.

"மாசம் எரநூத்தி இருவதா? மழை பேஞ்சா நிக்குமா நிக்காதாண்ணு கேட்டியா தம்பி?"

"கனமழைக்குக் கொஞ்சம் தடங்கும்ணே."

"அப்ப அஸ்ட்ரோவே இருக்கட்டும். கூடவே என் மவன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கிறேன்."

*

எண்ணெய்-எரிவாயு வேலை பார்க்கிற உஸ்மா நிறுவனம் 2025 ஜனவரியில் சொந்தமாக உஸ்மாசாட்-1 விட்டது, ஃபால்கன் 9-இல். படத்தை வாங்கிக்கொண்டால் போதும், கோளம் தனியார் தலைவலி என்கிற காலம் வந்துவிட்டது. அந்தக் கோளத்தின் ஒப்பந்தத்தில் எத்தனை உள்ளூர்ப் பொறியாளர் என்ற வரி இருக்கிறதா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அடுத்த லீமாவில் யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும்.